ஹில்ஃபுல் ஃபுளூலும் இன்றைய தொழிற்சங்கமும்

புகழனைத்தும் அல்லாஹுத்தஆலாவுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

ஒளுவைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் மஸ்அலா கேட்டு நம்மிடம் வருகிறவர்கள் பலர். கூலியைப் பற்றி மஸ்அலா கேட்டு வருகிறவர்கள் மிகச் சிலர். கூலியும் மார்க்கத்தின் ஒரு பாடமே என்பதும், ஃபிக்ஹு கிதாபுகளில் அதற்கென ‘கிதாபுல் இஜாரா’ என்று தனிப் பகுதியே உண்டு என்பதும் நம்மில் பலருக்கு மறந்து போய்விட்டது.

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் நாம் இமாமத் செய்யும் ஊருக்குக் கீழே ஆம்பூர், வாணியம்பாடி ஊர்களின் தோல் ஆலைகளும் ஷூ கம்பெனிகளும் இருக்கின்றன. ஒரு காலத்தில் மலையின் கடுக்காயும் அடிவாரத்து ஆவாரம் பட்டையும் தோல் பதனிடுவதற்காக இறங்கிச் சென்றன. இன்று இறங்கிச் செல்பவை மனிதக் கைகள். ஃபஜ்ருத் தொழுகை முடிந்து நாம் வெளியே வரும்போது, கம்பெனி பஸ்ஸுக்காக ஆண்களும் பெண்களும் சோற்றுத் தூக்குடன் சாலையோரம் நிற்பதை நாள்தோறும் காண்கிறோம்.

அவர்களில் ஓர் இளைஞர் ஒருநாள் இஷாவுக்குப் பின் நம்மிடம் வந்தார். கையில் மடித்த ஒரு தாள். “ஹஜ்ரத், கம்பெனியில் இதில் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. சங்கத்தில் சேரமாட்டேன்னு எழுதியிருக்கு. அத்தா போட்டுடுங்கறார். முதலாளி அக்கா நிக்காஹுக்கு உதவி செஞ்சவர், மதரஸாவுக்கு ஜகாத்து கொடுக்கிறவர், அவருக்கு எதிரா சங்கம் சேர்றது நன்றி கெட்டதனம்ங்கறார். கூட வேலை செய்றவங்களோ, தனியார் கம்பெனியில் இனிமே சங்கத்தால் என்ன ஆகப் போகுதுன்னு சிரிக்கிறாங்க. நீங்க சொல்லுங்க, சங்கத்தில் சேர்றது கூடுமா? சேர்ந்தால் பயன் உண்டா?”

அன்றிரவு நாம் சொன்ன பதில், “தம்பி, ஸப்ரு செய்யுங்கள்” என்பதுதான். அவரும் ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் அந்தப் பதில் நம்மை உறங்கவிடவில்லை. நாம் மதரஸாவில் ஓதிய ஆண்டுகளில் உண்ட சோறு தோல் வணிகர்களின் நன்கொடையால் வந்தது. இந்தப் பகுதியின் கல்விச் சாலைகளே அவர்களின் கொடையால் எழுந்தவை. 1924இல் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவிய காகா முஹம்மது உமர் சாஹிபு அவர்களும் ஒரு தோல் வணிகரே. அந்தக் கொடைக்கு நாம் என்றும் நன்றியுடையோம். ஆனால், நன்றி நம் நாவைக் கட்டிவிட்டதோ? ஸப்ரு என்று நாம் சொன்னது மார்க்கமா, நம் கோழைத்தனமா? இந்த அச்சத்தோடுதான் கிதாபுகளை மீண்டும் புரட்டினோம். கண்டதை வாசக அன்பர்களின் முன் வைக்கிறோம்.

கூலி ஹக்கு, தர்மம் அன்று

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். கூலி என்பது முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் பொருள் அன்று. வேலை முடிந்தவுடன் அது தொழிலாளியின் சொத்து. முதலாளியிடம் இருப்பது வெறும் கடன். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதாக இப்னுமாஜாவில் வருகிறது. மறுமையில் மூவருக்கு எதிராக அல்லாஹ்வே வழக்காடுவான் என்றும், அவர்களில் ஒருவன் ஆளை அமர்த்தி வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடாதவன் என்றும் புகாரீயில் வரும் ஹதீதுல் குத்ஸீ எச்சரிக்கிறது. அல்லாஹ் நடுவனாக இருந்தாலே நம்மால் தாங்க முடியாது. அவனே எதிர்வழக்காடினால் நம் நிலை என்னவாகும்!

ஆகவே ஜகாத்தும் கூலியும் வெவ்வேறு. ஆயிரம் பேருக்கு ஜகாத்து கொடுத்தாலும் ஒருவருடைய கூலிப் பாக்கி அதனால் தீர்ந்துவிடாது. கொடுக்க வேண்டிய கூலிக்குப் பதிலாக ஜகாத்துப் பணத்தைக் கொடுத்தால் ஜகாத்தும் நிறைவேறாது. நிக்காஹுக்குச் செய்த உதவி இஹ்ஸான். அதற்கு துஆச் செய்ய வேண்டும். ஆனால் ஒரு இஹ்ஸானைக் காட்டி ஒரு ஹக்கை நிறுத்திவைக்க முடியாது.

இஜாரா ஒப்பந்தம் செல்லுபடியாக வேலை இன்னது, காலம் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று தெளிவாக இருக்க வேண்டும். இருதரப்பின் மனப்பொருத்தமும் வேண்டும். ‘ஓவர்டைம்’ எத்தனை மணி, அதற்கு என்ன கூலி என்று சொல்லாமல் இரவு வரை நிறுத்திவைப்பது கிதாபு படித்தவர் எவரும் ஏற்கும் இஜாரா அன்று. மிகை நேரத்திற்கு இரட்டைக் கூலி என்பது நம் நாட்டுச் சட்டத்தின் விதியும் ஆகும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஊரில் ஒரு கொத்தனாரும் வீட்டுக்காரரும் திண்ணையில் அமர்ந்து கூலி பேசினால் இருவரும் ஏறத்தாழச் சமம். ஆயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனியின் முன் மலையடிவாரத்துப் பெண் ஒருத்தி தனியே நின்று, “கூலி போதாது” என்று பேச முடியுமா? பேசினால் மறுநாள் பஸ் அவளை ஏற்றாமலே போய்விடும். அவள் தலையசைப்பது மனப்பொருத்தத்தால் அன்று, வேறு வழியில்லாமல்தான். மனப்பொருத்தம் உண்மையாவதற்கு, அவளைப் போன்றவர்கள் ஒன்றாக நின்று பேச ஒரு வழி வேண்டும். தொழிற்சங்கம் என்பதன் வேர் இதுவே.

மக்காவில் நடந்த உடன்படிக்கை

இதற்கு நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் ஆதாரம் உண்டா? உண்டு. நபித்துவம் கிடைப்பதற்கு முன்பு, அவர்களுக்குச் சுமார் இருபது வயதிருக்கும்போது, எமன் நாட்டு ஜுபைத் ஊர் வணிகர் ஒருவர் மக்காவுக்குச் சரக்குக் கொண்டு வந்தார். குறைஷித் தலைவர்களில் ஒருவனான ஆஸ் இப்னு வாயில் சரக்கை வாங்கிக்கொண்டு விலையைத் தர மறுத்துவிட்டான். அந்த வெளியூரார் பல குலத்தாரிடமும் முறையிட்டார். ஆஸைப் பகைக்க அஞ்சி அவர்கள் கைவிரித்தனர். இறுதியில் அவர் அபூகுபைஸ் மலையில் ஏறி நின்று, கஃபாவைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் கேட்கத் தம் குறையைக் கூவிச் சொன்னார்.

அந்தக் குரல் சிலர் உள்ளத்தைத் தைத்தது. ஹாஷிம், ஜுஹ்ரா, தைம் முதலிய குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடினர். மக்காவில் அநீதி இழைக்கப்பட்டவர் உள்ளூராராயினும் வெளியூராராயினும், அவருடைய ஹக்கு திரும்பக் கிடைக்கும் வரை தாங்கள் அனைவரும் ஒரே கையாக நிற்பதென்று சத்தியம் செய்தனர். பிறகு ஆஸிடம் சென்று அவ்வணிகரின் பொருளை மீட்டுக் கொடுத்தனர். இதுவே ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’. நாயகம் (ஸல்) அவர்கள் அதில் நேரில் கலந்துகொண்டார்கள். நபித்துவத்திற்குப் பின்பும் அதைப் பெருமையுடன் நினைவுகூர்ந்து, விலையுயர்ந்த செந்நிற ஒட்டகங்களைக் கொடுத்தாலும் அந்த உடன்படிக்கையைத் தாம் விட்டுக்கொடுக்க விரும்பமாட்டோம் என்றும், இஸ்லாத்திலும் அத்தகைய ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் ஏற்றுக்கொள்வோம் என்றும் கூறினார்கள்.

இதில் மூன்று பாடங்கள் உள்ளன. ஒன்று, தனியொருவரால் பெற முடியாத ஹக்கைப் பலர் சேர்ந்து பெற்றுக் கொடுப்பது சுன்னத்துக்கு இசைந்தது. இரண்டு, அந்தக் கூட்டத்தினர் அனைவரும் அன்று முஸ்லிம்கள் அல்லர். எனவே, சங்கத்தில் மாற்று மதத்தாரும் மதமே வேண்டாம் என்பாரும் இருக்கிறார்களே என்பது தடையாகாது. நோக்கம் நீதியா என்பதே கேள்வி. மூன்று, அவர்கள் ஆஸின் வீட்டைக் கொளுத்தவில்லை. ஹக்கை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

நம் மண்ணில் சங்கம் பிறந்த விதம்

தொழிற்சங்கம் இறைமறுப்பாளரின் சரக்கு என்று எண்ணுகிற பெரியவர்கள் சென்னைப் பெரம்பூரின் வரலாற்றைக் கேட்க வேண்டும். அங்கே பின்னி கம்பெனியாரின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. ஆலைத் தொழிலாளர் சமயச் சொற்பொழிவு கேட்க ஒரு சபைக்கு வருவார்கள். அதை நடத்தியவர்கள் செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு என்னும் இரு வணிகர்கள். மதிய உணவை விழுங்கக்கூட நேரமில்லை, மேலாளர்களின் ஏச்சும் அடியும் தாங்கவில்லை என்று தொழிலாளர்கள் அங்கே அழுதார்கள். கேட்டவர்கள், “ஸப்ரு” என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. பி. பி. வாடியாவையும் திரு. வி. கலியாணசுந்தரனாரையும் அழைத்துக்கொண்டு, 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுவே என்பர்.

1920இல் கம்பெனி கதவடைத்தது, வழக்கும் போட்டது. உயர்நீதிமன்றம் வாடியா முதலியோருக்குத் தடை விதித்தது. தொழிலாளர் சேர்ந்து நிற்பதே குற்றம் போல் ஆன அந்த நிலையை மாற்றத்தான் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1921 வேலைநிறுத்தத்தில் ஒரே ஆலையின் தொழிலாளர் சாதிவழியாகப் பிரிந்து நின்று, புளியந்தோப்பில் இரத்தம் சிந்தும் அளவுக்கு மோதிக்கொண்டதையும் மறக்கக் கூடாது. சங்கத்தை முதலாளி உடைப்பதற்கு முன் அஸபிய்யத் உடைத்துவிடும்.

“இப்போது எதற்குச் சங்கம்?”

இக்காலத்தில் சொல்லப்படும் மறுப்புகளைப் பார்ப்போம்.

“சட்டம் இருக்கிறதே!” என்கிறார்கள். சட்டம் தானாக எழுந்து நடக்காது. கேட்பார் இருந்தால்தான் நடக்கும். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில், தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்ட வழி செய்யும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒரே குரலில் எதிர்த்தன. மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக அரசு அறிவித்தது. 1923இல் சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிச் சரியாக நூறாண்டுகள் கழித்து இது நடந்தது. சங்கங்களே இல்லாதிருந்தால் அன்று யார் பேசியிருப்பார்?

“பெரிய அந்நியக் கம்பெனிகளில் நல்ல சம்பளம், அங்கே சங்கம் தேவையில்லை” என்கிறார்கள். 2024 செப்டம்பர் 9ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது 37 நாட்கள் நீடித்தது. கூலி உயர்வும் கேட்டார்கள். ஆனால் முதன்மையான கோரிக்கை, “எங்கள் சங்கத்தைப் பதிவு செய்து ஏற்றுக்கொள்ளுங்கள்” என்பதே. உயர்நீதிமன்றம் வரை சென்ற பின் 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவாயிற்று. பல இளைஞர்கள் ஒரு மாதத்திற்கு மேல் சம்பளத்தை இழந்து கேட்டது, பேசுவதற்கு ஓர் இடம். சம்பளம் மட்டும் மனிதனுக்குப் போதாது, அவன் சொல் கேட்கப்படவும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

“சங்கம் வந்தால் கம்பெனி மூடிப் போகும்” என்கிறார்கள். இந்த அச்சம் முழுக்கப் பொய்யன்று. நீதியில்லாத பிடிவாதத்தால் தொழில் நொடிவதும் உண்டு. ஆயினும் சங்கம் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில், தோல் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்தின் தொட்டிச் சுவர் இரவில் இடிந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்பட 10 பேர் சேற்றில் மூழ்கி மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து வந்த ஏழைகள். தொட்டிக்குப் பக்கத்தில் படுக்க மாட்டோம் என்று அவர்களுக்காகச் சொல்ல யார் இருந்தார்?

நம் மலையின் கதை இன்னும் துயரமானது. முன்பணம் கொடுக்கும் மேஸ்திரியின் பின்னால், எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாமல் வெளியூர் செல்வது இம்மக்களில் பலருடைய நிலை. 2015 ஏப்ரல் 7இல் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனரே, அவர்களில் ஜவ்வாது மலைவாசிகளும் இருந்தனர். அவர்களை அனுப்பியவன் யார் என்று கேட்கச் சங்கமும் இல்லை, கணக்கும் இல்லை. வயிற்றுக்காக மலையிறங்குகிறவனுக்குப் பெயர் பதிந்த வேலையும், கேட்பதற்கு ஆளும் இருப்பது எவ்வளவு பெரிய நிஃமத் என்பது இதிலிருந்து விளங்கும்.

முற்கால இஸ்லாமிய அரசுகளில் ‘முஹ்தஸிப்’ என்ற அதிகாரி இருந்தார். கூலியைக் குறைக்கும் முதலாளியையும் வேலையை மிகுதியாகச் சுமத்துகிறவரையும் தடுப்பது அவருடைய பணிகளில் ஒன்றென இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 450) எழுதியுள்ளார்கள். இன்று கடைவீதியில் முஹ்தஸிப் இல்லை. தொழிலாளர் துறை அதிகாரி எல்லா ஆலைக்கும் எல்லா நாளும் வர முடியாது. உள்ளேயே இருந்து கவனிக்கும் கண் வேண்டும். நேர்மையான சங்கம் அந்தப் பணியில் ஒரு பங்கைச் செய்கிறது.

சங்கத்தாருக்கு உள்ள வரம்புகள்

நன்மையிலும் தக்வாவிலும் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும், பாவத்திலும் வரம்பு மீறலிலும் உதவக் கூடாது என்பது அல்மாயிதா சூராவின் கட்டளை. ஆகவே, சங்கத்தில் சேருவது கூடும் என்றால் சங்கம் செய்வதெல்லாம் கூடும் என்று பொருளாகாது.

கூலி வாங்கும் நேரம் அமானத். அதில் வேண்டுமென்றே வேலையைக் குறைப்பது, அளவில் மோசம் செய்வோரை ‘முதஃப்பிஃபீன்’ சூரா கண்டிக்கிறதே, அந்தக் கண்டனத்துக்குள் வரும். இயந்திரத்தை உடைப்பதும், வேலைக்கு வருகிறவரை அடிப்பதும், பொய்ப் புகார் எழுதுவதும் ஹராம். முதலில் பேச்சு, பின் நடுவர், வேலைநிறுத்தம் கடைசி வழி. அதற்கும் முன்னறிவிப்பு வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின்படி 14 நாள் முன்னறிவிப்புக் கட்டாயம். சங்கப் பணம் பைத்துல்மாலைப் போன்ற அமானத். ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும்.

இன்னொன்று. அதே சட்டத்தொகுப்பு, பதிவேட்டிலுள்ள தொழிலாளரில் 51 சதவீதம் பேர் சேர்ந்த சங்கத்திற்கே தனித்துப் பேசும் உரிமையைத் தருகிறது. எண்ணிக்கைக்காகவேனும் ஒன்றுபட வேண்டிய காலம் இது. ஆனால் நிரந்தரத் தொழிலாளரை மட்டும் சேர்த்துக்கொண்டு, பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்யும் கான்ட்ராக்ட் ஆளையும் வடநாட்டாரையும் பெண்களையும் விட்டுவிடும் சங்கம், ஹில்ஃபுல் ஃபுளூலின் வழியில் செல்வதாகாது. அந்த உடன்படிக்கை பிறந்ததே ஒரு வெளியூராருக்காக!

முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை

நம் வேலையாட்கள் நம் சகோதரர்கள் என்றும், தாங்க முடியாத சுமையை அவர்கள் மீது ஏற்றக் கூடாது என்றும், ஏற்றினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். அல்கஸஸ் சூராவில் மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்திய பெரியவர் காலத்தையும் நிபந்தனையையும் வெளிப்படையாகச் சொன்னதுடன், உம்மைச் சிரமப்படுத்த விரும்பவில்லை என்றும் உறுதி கூறினார். முதலாளிக்கு அழகான முன்மாதிரி இது.

சங்கத்தார் உங்கள் பகைவர் அல்லர். மஹ்ஷர் மைதானத்தில் கேட்கப்படவிருக்கும் கணக்கை இங்கே, ஒரு மேசையின் முன்னால், தீர்த்துக்கொள்ள வாய்ப்புத் தருகிறவர்கள். அங்கே தீர்ப்பதானால் நம் தொழுகையையும் நோன்பையும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். இங்கே பணத்தோடு போகும். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. என்று பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பது வெளிப்படையான கியானத். சங்கத்தில் சேரமாட்டேன் என்று எழுதி வாங்குவதும் கூடாது. சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவிலேயே உள்ளது. ஒப்பந்த நிபந்தனைகளுக்கு முஸ்லிம் கட்டுப்பட வேண்டியவரே. ஆயினும் ஹக்கைக் கேட்கும் வழியையே அடைக்கும் நிபந்தனை அந்த மரியாதைக்கு உரியதன்று.

நம் வீடுகளில்

இது ஆலைக்காரர் பாடம் என்று தாய்மார்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஆம்பூர்ப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் பெண்கள் ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. நூலும் ஊசியும் கண்ணும் தேய்வது அவர்களுக்கு. வேலை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அவர்களும் தொழிலாளிகளே. ஜோடிக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டாருக்கு என்ன கூலி என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். சங்கத்தின் முதல் படி அதுதான்.

நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவின் சம்பளம் எந்தத் தேதியில் கொடுக்கிறோம்? பெருநாள் செலவு என்று அதைத் தள்ளிப் போட்டதுண்டா? மறுமையில் அல்லாஹ் வழக்காடும் மூவரில் ஆலை அதிபர் மட்டும் இருப்பார் என்று எண்ணிவிடக் கூடாது.

அந்த இளைஞருக்கு

சில நாட்களுக்குப் பின் அவரை நாமே தேடிச் சென்றோம். “தம்பி, அன்று நாம் சொன்னது பாதி மார்க்கம். நம் மீது வரும் துன்பத்தைப் பொறுப்பது ஸப்ரு. மற்றவருடைய ஹக்கு பறிபோகும்போது வாய் மூடியிருப்பது ஸப்ரு ஆகாது. சங்கத்தில் சேருவது கூடும். பயன் உண்டா என்றால், நீங்கள் எத்தனை பேர், எவ்வளவு நேர்மை என்பதைப் பொறுத்தது. முதலாளிக்கு துஆச் செய்யுங்கள், வேலையில் ஒரு தையலும் குறைக்காதீர்கள், அந்தத் தாளில் மட்டும் கையெழுத்திட வேண்டாம்” என்றோம்.

அநீதி இழைப்பவனுக்கும் உதவுங்கள், அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அதை நினைவூட்டி அவருடைய அத்தாவிடமும் பேசினோம். “அப்போ இது முதலாளிக்கும் நல்லதுதானா ஹஜ்ரத்?” என்று கேட்டார். ஆம் என்றோம். அவர் முகத்தில் கவலை முற்றும் நீங்கவில்லை. வேலை போனால் அடுப்பெரிய வேண்டுமே என்ற கவலை அது. அதைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. இத்தகைய குடும்பங்களுக்குத் துணை நிற்பது ஜமாஅத்தின் கடமை என்பதை மட்டும் நம் முதவல்லிமார்களுக்குப் பணிவுடன் நினைவூட்டுகிறோம்.

கொடுப்பவர் கையில் நீதியையும், வாங்குபவர் கையில் அமானத்தையும், பேச வேண்டிய இடத்தில் உண்மையைப் பேசும் துணிவை ஆலிம்களாகிய நம் நாவிலும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.